மருந்து வந்தது, மனிதர் ஏன் வரவில்லை?

80, 79, 44. இந்த மூன்று எண்களையும் தோழர்கள் மனத்திலே குறித்துக்கொள்ள வேண்டுகிறோம். பல்லாயிரம் உயிர்களின் கதை இவற்றுக்கு இடையிலே அடங்கிக் கிடக்கிறது.

எய்ட்ஸ் நோயை ஒழிக்க இந்திய சர்க்கார் வகுத்த தேசியத் திட்டத்தின் ஐந்தாம் கட்டம், 2021 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரைக்கும் என்று தீட்டப்பட்டது. ஒதுக்கிய தொகை 15,471 கோடி ரூபாய்க்கு மேல். திட்டம் தந்த வாக்குறுதிகளிலே தலையானவை இரண்டு. 2010ஆம் ஆண்டு இருந்த நிலையோடு ஒப்பிட்டு, எய்ட்ஸால் நேரும் சாவை 80 விழுக்காடு குறைப்பது ஒன்று. எச்.ஐ.வி. கிருமி புதிதாகத் தொற்றுவதையும் 80 விழுக்காடு குறைப்பது மற்றொன்று.

2023ஆம் ஆண்டுக்கான கணக்கு வந்தது. சாவு 79 விழுக்காடு குறைந்திருந்தது. பாராட்டுகிறோம், மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் புதிய தொற்று? 44 விழுக்காடுதான் குறைந்திருந்தது. அந்த ஓர் ஆண்டிலே மட்டும் 66,000 பேருக்கு மேல் புதிதாகக் கிருமிக்கு ஆளானார்கள். நாட்டிலே இந்தக் கிருமியோடு வாழ்பவர்கள் சுமார் 25 லட்சம் பேர்.

திட்டம் ஒன்று, பணப்பெட்டி ஒன்று, மருத்துவமனைகளும் அவையே. சாவை விரட்டுவதிலே இலக்கைத் தொடப் போனவர்கள், தொற்றைத் தடுப்பதிலே பாதி வழியில் நிற்பானேன்? 2030ஆம் ஆண்டுக்குள் இந்த நோயைப் பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்தாக இல்லாமல் செய்வோம் என்று உலக நாடுகளோடு சேர்ந்து இந்தியாவும் ஒப்புக்கொண்டிருக்கிறது. பாதி வழியிலே நிற்கிற வண்டி ஊர் போய்ச் சேருமா?

"மக்களுக்கு ஒழுக்கம் இல்லை, அதுதான் காரணம்" என்று விடை சொல்வோர் உண்டு. அது விடை அல்ல. விடை தெரியாதவர் விடுகிற வசவு! வசவால் எந்த ஊரிலும் எந்த நோயும் ஒழிந்ததில்லை. காரணத்தைக் கணக்கிலே தேடுவோம்.

இந்தக் கிருமி பரவும் வழிகள் நான்கு. உறை அணியாத உடலுறவு, கிருமி கலந்த ரத்தம், பலர் கைமாற்றிப் போட்டுக்கொள்ளும் ஊசி, தாயிடமிருந்து பிள்ளைக்கு. தொட்டால் தொற்றாது. ஒரே தட்டிலே சாப்பிட்டால் தொற்றாது. ஒரே எந்திரத்திலே பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தால் தொற்றாது. கொசு கடித்தாலும் தொற்றாது.

இந்த நான்கிலே ரத்தத்தின் வழி எப்படி அடைபட்டது தெரியுமா? வயிற்றுக்கு இல்லாதவன் ரத்தத்தை விற்றுச் சோறு தின்ற காலம் ஒன்று இருந்தது. 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1998 ஜனவரி முதல் நாளிலிருந்து காசுக்கு ரத்தம் விற்பது தடை செய்யப்பட்டது. தானமாக வரும் ரத்தமும் சோதனைக்குப் பிறகே ஏற்றப்படும் ஏற்பாடு வலுப்பட்டது. தாய்-பிள்ளை வழிக்கும் மருந்து உண்டு. சிகிச்சை இல்லாவிட்டால் 100 குழந்தைகளிலே 15 முதல் 45 வரை தாயிடமிருந்து கிருமியைப் பெறக்கூடும். சிகிச்சை உண்டென்றால் அதை 5க்கும் கீழே இறக்கிவிடலாம். இரண்டு வழிகளும் குறுகியது சட்டத்தாலும் மருந்தாலும், உபதேசத்தால் அல்ல.

உடலுறவு வழிக்கு உறை இருக்கிறது. அதோடு 2011இல் பெரியதோர் உண்மை வெளிப்பட்டது. ஒருவருக்குக் கிருமி உண்டு, மற்றவருக்கு இல்லை என்ற நிலையில் இருந்த 1,763 இணைகளை 9 நாடுகளிலே வைத்து ஆராய்ந்தார்கள். சென்னையும் புனேயும் அந்த ஆராய்ச்சியின் களங்கள். கிருமி உடையவருக்குத் தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால், துணைக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைகிறது என்று கண்டார்கள். பின்னர் ஐரோப்பாவிலே நடந்த ஆராய்ச்சிகள் இன்னும் தெளிவாக்கின: மருந்தை ஒழுங்காக உண்டு, ரத்தத்திலே கிருமி தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டால், உடலுறவின் வழியே பிறருக்குத் தொற்றுவதே இல்லை.

இதன் பொருள் என்ன? மருந்து உண்ணும் ஒவ்வொரு மனிதரும் நோய்க்கு எதிரான ஒரு தடுப்புச் சுவர். யாரை ஊர் "ஆபத்து" என்று சுட்டிக் காட்டுகிறதோ, அவரே காவலாளி! ஆபத்து வேறு இடத்திலே இருக்கிறது: தனக்குக் கிருமி இருப்பதே தெரியாமல், சோதனைக்கு வராமல், மருந்தைத் தொடாமல் இருக்கிற நிலையிலே இருக்கிறது.

அப்படி எத்தனை பேர்? 2023-24 கணக்குப்படி, கிருமியோடு வாழும் 100 பேரிலே 81 பேருக்கே தங்கள் நிலை தெரியும். தெரிந்தவர்களிலே 100க்கு 88 பேர் சிகிச்சையில் இருந்தார்கள். சிகிச்சையில் இருந்து சோதிக்கப்பட்டவர்களிலே 100க்கு 97 பேருக்குக் கிருமி அடங்கியிருந்தது. மூன்றிலும் 95ஐ எட்ட வேண்டும் என்பது 2025ஆம் ஆண்டுக்கு வைத்த இலக்கு.

தோழர்களே, இந்தக் கணக்கை ஊன்றிப் பாருங்கள். மருந்து தோற்கவில்லை, 97 அதற்குச் சாட்சி. வாசல் வரை வராதவர்கள்தான் மிகுதி. 100க்கு 19 பேர் என்றால், நாடு முழுவதும் நான்கரை லட்சத்துக்கு மேல். 79க்கும் 44க்கும் நடுவே உள்ள பள்ளத்துக்குப் பெரும் காரணம் இங்கேதான் இருக்கிறது. வந்தவர் பிழைக்கிறார், ஆகவே சாவு குறைகிறது. வராதவரிடமிருந்து தொற்று தொடர்கிறது. ஆகவே அது அவ்வளவாகக் குறையவில்லை.

மருந்தின் விலைதான் தடையோ என்று கேட்கலாம். ஒரு காலத்திலே அதுவே தடையாக இருந்தது. அந்த மலை பெயர்ந்த வரலாற்றைத் தொழிலாளி அறிந்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டை ஒட்டி, இந்தக் கூட்டு மருந்துக்கு மேல்நாட்டுக் கம்பெனிகள் வைத்த விலை ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல். ஆப்பிரிக்காவிலே ஊர் ஊராகச் சாவு. கம்பெனிகளின் கணக்கேட்டிலே லாபம். 2001 பிப்ரவரியிலே மும்பையின் சிப்லா கம்பெனி, அதே மருந்தைத் தொண்டு மருத்துவர்களுக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவேன் என்றது. எப்படி முடிந்தது? மருந்துப் பொருளுக்கே ஏகபோக உரிமை கிடையாது, செய்முறைக்குத்தான் உரிமை என்று 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் சொன்னது. வேறு முறையிலே அதே மருந்தைச் செய்ய வழி இருந்தது. 2005இல் உலக வர்த்தக ஒப்பந்தத்துக்காக அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, பொருளுக்கும் காப்புரிமை வந்துவிட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

2004 ஏப்ரல் முதல் நாளிலே அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கியது. முதலிலே தொடங்கிய 8 மருத்துவமனைகளுள் நம் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. 2017இலிருந்து, உடல் நலிந்த பிறகே மருந்து என்ற நிபந்தனையும் போயிற்று. கிருமி உண்டென்று தெரிந்ததுமே மருந்து.

மருந்து இருக்கிறது. இலவசமாக இருக்கிறது. உண்டால் வேலை செய்கிறது. அப்படியானால் மனிதர் ஏன் வரவில்லை?

பயம்! நோயைக் கண்ட பயம் அல்ல. ஊரைக் கண்ட பயம், முதலாளியைக் கண்ட பயம், வீட்டுக்காரரைக் கண்ட பயம். அந்தப் பயத்தை விதைத்தவர்களிலே சர்க்காரும் உண்டு.

இந்தியாவிலே இந்தக் கிருமி முதன்முதல் கண்டறியப்பட்டது நம் சென்னையிலே, 1986இல். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமனும், அவருடைய மாணவி நிர்மலாவும், பாலியல் தொழில் செய்த பெண்களிடம் ரத்த மாதிரி எடுத்து, வேலூர் மருத்துவமனையிலே சோதித்தார்கள். 6 பேருக்குக் கிருமி இருந்தது. "மேல்நாட்டு நோய், நம் பண்பாட்டு நாட்டுக்கு வராது" என்று மார்தட்டியவர்கள் திடுக்கிட்டார்கள். திடுக்கிட்ட நாடு என்ன செய்தது? மருத்துவரை முந்திக்கொண்டு போலீஸ் வந்தது. 1989இல் கோவாவிலே, மனமுவந்து ரத்த தானம் செய்த ஓர் இளைஞரின் ரத்தத்திலே கிருமி இருந்தது என்பதற்காக, அவரைப் பிடித்து 64 நாள் தனியே அடைத்து வைத்தார்கள். அப்படி அடைக்க அந்த மாநிலச் சட்டமே இடம் கொடுத்தது! தானம் செய்தவனுக்குக் கிடைத்த பரிசு சிறை என்றால், அதைக் கேட்ட அடுத்தவன் சோதனைக்கு வருவானா?

தொழிலாளிக்கு நேர்ந்ததையும் கேளுங்கள். மும்பையிலே ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் தற்காலிகக் கூலித் தொழிலாளி. நிரந்தரம் செய்யும் நேரத்திலே மருத்துவச் சோதனை; கிருமி உண்டென்று தெரிந்தது. உடம்பிலே வலு இருந்தது. வேலை செய்யும் தகுதி இருந்தது. ஆனாலும் பட்டியலிலிருந்து பெயர் அடிக்கப்பட்டது. அவர் வழக்காடினார். பெயரை வெளியிடாமலே வழக்கு நடத்த நீதிமன்றம் இடம் தந்தது. 1997இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது: வேலை செய்யத் தகுதி உள்ளவனை, பிறருக்கு ஆபத்து இல்லாதவனை, கிருமி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வேலையிலிருந்து விலக்குவது சட்டவிரோதம். பெயர் தெரியாத அந்தத் தொழிலாளி, லட்சக்கணக்கானவர்களுக்காகப் போராடி வென்றார்.

அந்தத் தீர்ப்பின் சாரம் நாட்டுச் சட்டமாக இன்னும் 20 ஆண்டு பிடித்தது. எச்.ஐ.வி.-எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் நிறைவேறியது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் சொல்வதைத் தொழிலாளர் குடும்பங்கள் மனப்பாடம் செய்ய வேண்டும்.

வேலை தருமுன் எச்.ஐ.வி. சோதனை செய்துகொண்டு வா என்று எந்த முதலாளியும் கேட்கக் கூடாது. கிருமி இருப்பதால் வேலையை, பள்ளிக்கூட இடத்தை, மருத்துவத்தை, வாடகை வீட்டை மறுக்கக் கூடாது. ஒருவர் சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது. அவர் நிலையை வெளியிடக் கூடாது. 100 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்திலே புகாரை விசாரிக்க ஓர் அலுவலரை நியமிக்க வேண்டும்; மருத்துவமனையானால் 20 பேர் இருந்தாலே நியமிக்க வேண்டும். மாநிலந்தோறும் முறையீடு கேட்க ஒரு குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும்.

நல்ல சட்டம். ஆனால் ஓட்டைகளும் உண்டு. சிகிச்சை வசதிகளை "இயன்ற வரை" அளிக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். இயன்ற வரை! கூலியை "இயன்ற வரை" தருகிறேன் என்று முதலாளி சொன்னால் ஒப்புக்கொள்வோமா? மசோதாவாக இருந்தபோதே நோயாளிகளின் அமைப்புகள் இந்த இரண்டு சொற்களை எதிர்த்தன, கேட்பார் இல்லை. வேலை நீக்கத்துக்கும் ஒரு சந்து வைத்திருக்கிறார்கள்: பிறருக்குத் தொற்றும் பெரும் ஆபத்து உண்டு, அல்லது வேலைக்குத் தகுதி இல்லை என்று ஒரு மருத்துவர் எழுதித் தந்து, தனக்கு நேரும் சிரமத்தை முதலாளியும் எழுதிக் காட்டினால், நீக்கலாம். அந்தச் சந்து பெருவழியாகாமல் காப்பது தொழிற்சங்கத்தின் கடமை.

பயத்தைப் போக்க வழி உண்டா? உண்டு, நடந்து காட்டிய வழியே உண்டு. கல்கத்தாவின் சோனாகாச்சி, பாலியல் தொழில் நடக்கும் பெரும் பகுதி. 1992இல் டாக்டர் ஸ்மரஜித் ஜனா அங்கே தடுப்புப் பணி தொடங்கினார். "உறை இல்லாமல் வராதே" என்று ஒருத்தி சொன்னால், வாடிக்கைக்காரன் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். அவளுக்கு அன்றைக்குப் பட்டினி. ஆகவே எல்லாரும் சேர்ந்து சொன்னால்தான் உண்டு என்று கண்டார்கள். அந்தப் பெண்களே சங்கம் கட்டினார்கள். கந்துவட்டிக்காரன் பிடியிலிருந்து மீள 1995இல் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கமும் அமைத்தார்கள். உறை பழக்கம் பரவியது. வேறு பெருநகரங்களிலே கண்ட வேகத்தில் அங்கே தொற்று பரவவில்லை. ஒற்றை ஆளால் மறுக்க முடியாததைச் சங்கத்தால் மறுக்க முடியும். இது ஆலைத் தொழிலாளிக்குப் புதிய பாடமா?

சட்டமே ஆளை ஒளிய வைத்த இன்னொரு கதையும் உண்டு. ஆணும் ஆணும் கூடுவதைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு, வெள்ளைக்காரன் எழுதிவைத்தது. குற்றவாளி என்ற முத்திரைக்கு அஞ்சி அவர்கள் மருத்துவமனைப் பக்கமே வருவதில்லை என்பதைக் கண்டுதான், எய்ட்ஸ் தடுப்பிலே ஈடுபட்ட ஒரு தொண்டு அமைப்பு 2001இல் டில்லி உயர்நீதிமன்றம் போனது. 2009இல் வெற்றி, 2013இல் உச்சநீதிமன்றத்தில் தோல்வி, 2018 செப்டம்பர் 6இல், மனமொத்த வயது வந்தவர்களின் உறவு குற்றமல்ல என்ற தீர்ப்பு. 17 ஆண்டு! அந்த 17 ஆண்டும் கிருமி வாய்தா கேட்டுக் காத்திருக்கவில்லை.

மிசோரத்தைப் பாருங்கள். நாடு முழுதும் வயது வந்தோரிலே 1,000 பேருக்கு 2 பேர் என்றால், அங்கே 27 பேர். போதை ஊசியைக் கைமாற்றிப் போடுவது அங்கே பெருங்காரணம். புது ஊசி கொடு, போதைக்கு மாற்று மருந்து கொடு, ஆளைச் சிகிச்சைக்குள் கொண்டுவா என்று தேசியத் திட்டமே சொல்கிறது. ஆனால் திட்டம் ஊசி நீட்டுகிற இடத்திலே போலீஸ் விலங்கை நீட்டினால், எவன் வருவான்?

வந்தவர்களையும் திருப்பி அனுப்பிய காலம் உண்டு. 2022 ஜூலையிலே டில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் வாசலிலே நோயாளிகள் உட்கார்ந்துவிட்டார்கள். எதற்கு? மருந்து கிடைக்கவில்லை என்று. ஒரு மாதத்துக்கும் மேல் அந்தப் போராட்டம் நடந்தது. நாள் தவறாமல் உண்ண வேண்டிய மாத்திரை தட்டுப்பட்டால், அடங்கிய கிருமி மீண்டும் தலை தூக்கும். தடுப்புச் சுவரிலே சர்க்காரே செங்கல்லை உருவுவதா?

பிறர் பணத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதையும் 2025 காட்டியது. ஜனவரியிலே அமெரிக்க சர்க்கார் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. ஐதராபாத், கல்யாண், புனே ஆகிய ஊர்களில் அந்த உதவியால் நடந்துவந்த திருநங்கையர் மருத்துவ நிலையங்களின் கதவுகள் மூடப்பட்டன. தேசியத் திட்டமோ மத்திய சர்க்காரின் சொந்தப் பணத்திலே நடந்தது; அதனால் அது ஆட்டம் காணவில்லை. பாடம் தெளிவானது. மக்களின் வரிப்பணம் மக்களின் உயிருக்கு. இந்தப் பணத்திலே கை வைக்க எந்த நிதியமைச்சரும் துணியக் கூடாது.

புதிய ஆயுதமும் வந்திருக்கிறது. லெனகாபாவிர் என்ற ஊசி. ஆண்டுக்கு இரண்டே முறை. 2024இல் வெளியான ஆராய்ச்சியிலே, தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. அமெரிக்காவிலே அதற்கு 2025இல் வைத்த விலை ஆண்டுக்கு 28,218 டாலர். இந்தியக் கம்பெனிகள் செய்யும் அதே மருந்து, 2027 முதல் ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு 40 டாலருக்குக் கிடைக்கும் என்று 2025 செப்டம்பரிலே அறிவித்தார்கள். நம் நாட்டுத் தொழிலாளி கையால் தயாராகும் மருந்து, நம் நாட்டுத் திட்டத்திலே இலவசமாக இடம்பெற வேண்டும் என்று இப்போதே கேட்போம்.

சர்க்காரிடம் நாம் கேட்பது பெரிய வரம் அல்ல. "இயன்ற வரை" என்ற சொற்களைச் சட்டத்திலிருந்து எடுங்கள். மருந்து ஒரு நாளும் தீராதபடி இருப்பு வையுங்கள். நாள் கூலிக்காரன் மையத்துக்கு வந்தால் அன்றைய கூலி போகிறது. மாலையிலும் விடுமுறையிலும் மையத்தைத் திறந்து வையுங்கள். ஊர் ஊராக நடந்து ஆளைத் தேடிப் பேசி அழைத்து வருகிற ஆலோசகரும் களப்பணியாளரும் இல்லாமல் இந்தத் திட்டம் ஓரடி நகராது. அவர்களை ஒப்பந்தக் கூலிகளாகவே வைத்திருக்காமல் நிரந்தரம் ஆக்குங்கள்.

நம் கடமையும் இருக்கிறது, தோழர்களே. உங்கள் ஆலையிலே 100 பேர் வேலை செய்கிறார்களா? புகார் அலுவலர் யார் என்று நாளைக்கே நிர்வாகத்தைக் கேளுங்கள். நியமிக்கவில்லை என்றால் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலிலே சேருங்கள். நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரி ஓட்டும் தோழர்கள், வாரக்கணக்கில் வீட்டைப் பிரிந்து கிடப்பவர்கள். அவர்களிடம் உறையைப் பற்றியும் சோதனையைப் பற்றியும் வெட்கப்படாமல் பேசுங்கள். அரசு மருத்துவமனையிலே "நம்பிக்கை மையம்" என்ற பலகை தொங்குகிறது. அங்கே சோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும். 1097 என்ற எண்ணிலே கட்டணம் இல்லாமல் விவரம் கேட்கலாம். மேடையிலே இந்த நோயை வைத்து எதிரியை ஏசும் பழக்கம் எவரிடமாவது இருந்தால், அதை அன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். கூட்டத்திலே உட்கார்ந்திருக்கும் ஒருவர் அந்த ஒரு சொல்லுக்கு அஞ்சியே சோதனைக்குப் போகாமல் இருந்துவிடுவார்.

ஒரு தோழர் உங்களிடம் வந்து, தாழ்ந்த குரலில், தனக்குக் கிருமி இருக்கிறது என்று சொன்னால், இருக்கையைத் தள்ளிப் போடாதீர்கள். கையைப் பிடியுங்கள். மாத்திரை உண்டாயா என்று கேளுங்கள். துணைக்கு வரட்டுமா என்று கேளுங்கள். அவர் வேலைக்கு ஆபத்து வந்தால் சங்கம் முன்னே நிற்கும் என்று சொல்லுங்கள்.

மருந்தைத் தர வேண்டியது சர்க்கார். மனிதர் அச்சமின்றி வந்து அதை வாங்கும் நாட்டை ஆக்க வேண்டியவர்கள் நாம். 44ஐ 80 ஆக்கும் வேலையிலே நம் பங்கு அதுவே.